குழுவின் உறுப்பினரா, அழைக்கப்படும் கலைஞரா: இரு சாக்சஃபோன் வாழ்க்கைகள்

1972-இல் அமெரிக்க ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் ஈ ஸ்ட்ரீட் பேண்ட் என்ற இசைக்குழுவில் சேர்ந்த கிளாரன்ஸ் கிளெமன்ஸும், பிரிட்டிஷ் ராக் குழுவான ரோலிங் ஸ்டோன்ஸுக்கு வாசித்த டெக்சாஸ்காரர் பாபி கீஸும் டெனர் சாக்சஃபோனையே கையாண்டவர்கள். ஆனால் குழுவில் அவர்களுக்கு இருந்த இடம் முற்றிலும் வேறு. கிளெமன்ஸ் உறுப்பினர். 1975-இல் வெளிவந்த 'பார்ன் டு ரன்' தொகுப்பின் அட்டையில் ஸ்பிரிங்ஸ்டீன் அவர் தோளில்தான் சாய்ந்து நிற்கிறார். அத்தொகுப்பின் 'ஜங்கிள்லேண்ட்' பாடலில் இரண்டு நிமிடங்களுக்கு மேல் நீளும் அவரது தனி வாசிப்பு, ஸ்பிரிங்ஸ்டீன் உடனிருந்து வழிநடத்த, ஏறத்தாழ 16 மணி நேர உழைப்பில் உருவானது.

கீஸ் பல ஆண்டுகள் உடன் பயணித்தும் அதிகாரப்பூர்வ உறுப்பினர் ஆகவில்லை. 'பிரவுன் ஷுகர்' பாடலில் ஒலிப்பது அவருடைய குறுகிய, முரட்டு வாசிப்பு. 1973 ஐரோப்பியப் பயணத்தின் நடுவே விலகிய அவர் பின்னர் மீண்டும் அழைக்கப்பட்டார். பீட்டில்ஸ் குழுவில் இருந்த ஜான் லெனனுக்கும் ஜார்ஜ் ஹாரிசனுக்கும் வாசித்த பரந்த அனுபவத்தை இந்தத் தளர்வான நிலையே அவருக்கு அளித்தது எனலாம்.

உறுப்பினர் நிலையும் முழுப் பாதுகாப்பு அன்று: 1989-இல் ஸ்பிரிங்ஸ்டீன் குழுவைக் கலைத்தபோது கிளெமன்ஸும் வெளியேற நேர்ந்தது, மறு இணைவு 1999-இல்தான் முழுமையடைந்தது. ஆயினும், 2011-இல் கிளெமன்ஸ் மறைந்தபின் அவ்விடத்துக்கு அவருடைய சகோதரரின் மகன் ஜேக் கிளெமன்ஸே வந்தார். 2014-இல் மறைந்த கீஸுக்கு அத்தகைய வாரிசு இல்லை.