மண்ணுக்கடியில் கசியும் குடிநீர்க் குழாய்: பழுது பார்ப்பதா, மாற்றுவதா?

வீட்டு மெயின் வால்வை மூடிய பிறகும் மீட்டர் ஓடுகிறதா? கசிவு பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவே, மண்ணுக்குள்தான்.

செலவு
பழுது: ஒரே குழி, கையைக் கடிக்காது.
மாற்றம்: முழு நீளத்துக்கும் பள்ளம், அப்புறம் தரையைத் திரும்பப் பூசும் செலவு வேறு.

எவ்வளவு காலம் தாங்கும்?
பழுது: குழாய் எதனால் ஆனது என்பதுதான் முக்கியம். பிவிசியில் ஒரு இணைப்பு மட்டும் விட்டிருந்தால் அந்தத் துண்டை வெட்டிவிட்டு கப்ளிங் (இரு முனைகளையும் சேர்க்கும் இணைப்புத் துண்டு) போடலாம், வருஷக்கணக்கில் தாங்கும். ஜிஐ குழாய் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) அப்படியில்லை. உள்ளே துருவேறித் துவாரமே குறுகியிருக்கும். ஓர் ஓட்டையை அடைத்தால் அடுத்த முழத்தில் இன்னொன்று கிளம்பும். துரு இருக்கிறதா என்று அறிய, காலையில் முதலில் பிடிக்கும் தண்ணீர் பழுப்பாக வருகிறதா என்று பாருங்கள்.
மாற்றம்: எச்டிபிஇ எனும் வளையக்கூடிய பிளாஸ்டிக் குழாய் சுருளாகக் கிடைப்பதால் நடுவில் இணைப்பே இல்லாமல் பதிக்கலாம். சரியாகப் பதித்தால் 50 ஆண்டுகள் உழைக்கும்.

யாருக்கு எது?
பிளாஸ்டிக் குழாய், ஓரிடத்தில் மட்டும் கசிவு: பழுது போதும்.
பழைய ஜிஐ, இரண்டாம் முறை கசிவு: தயங்காமல் மாற்றுங்கள்.
ஈயக் குழாய்: கசியாவிட்டாலும் முழுவதையும் மாற்றுங்கள். பாதி மட்டும் மாற்றினால் தண்ணீரில் ஈயம் சில காலம் கூடக்கூடும். குழந்தைகள் உள்ள வீட்டில் அது வேண்டவே வேண்டாம்.