போனெட் சூடாக இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள்: பழைய ஹாட் ஹேட்ச் வாங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

பழைய ஹாட் ஹேட்ச், அதாவது வேகத்துக்காக டர்போ எஞ்சின் போட்ட ஹேட்ச்பேக் ஒன்றைப் பார்க்கப் போகிறீர்களா? முதல் வேலையாக போனெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால், "நாளைக் காலையில் வருகிறேன், அதுவரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். அதற்கு விற்பவர் சாக்குப்போக்கு சொன்னால் அந்தப் பக்கமே மறுபடி போக வேண்டாம்.

எனக்கு விற்ற டீலர் ரொம்ப மரியாதையாகத்தான் பேசினார். பெயர் போடவில்லை, விவகாரம் இன்னும் முடியவில்லை. "நீங்க வர்றீங்கன்னு கழுவி, ஒரு ரவுண்டு ஓட்டி ரெடியா வச்சிருக்கோம் சார்" என்றார். இரண்டு லிட்டர் டர்போ பெட்ரோல், மேனுவல் கியர், வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒரே தாளத்தில் ஓட வைக்க டைமிங் செயின் உள்ள எஞ்சின். சர்வீஸ் புத்தகத்தில் முத்திரைகள் வரிசையாக இருந்தன. டாஷ்போர்டில் ஒரு விளக்கும் எரியவில்லை. 'எந்த மாடிஃபிகேஷனும் செய்யாத வண்டி' என்று விளம்பரம். கூடவே அவர்களே தயாரித்த இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட், பக்கம் பக்கமாகப் பச்சை டிக். பெயிண்ட் தடிமன் முதல் வைப்பர் ரப்பர் வரை அதில் உண்டு. எஞ்சினைப் பற்றி 'ஸ்டார்ட் ஆகிறது' என்று ஒரே வரி.

மறுநாள் காலை சாவியைத் திருப்பியதும் எஞ்சினுக்குள் கடகடவென்று ஒரு சத்தம். சில விநாடிகளில் அடங்கிவிட்டது. அந்தச் சில விநாடிகளை மறைக்கத்தான் அந்த 'ஒரு ரவுண்டு'.

டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் இந்த மாதிரி எஞ்சின்களில் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்வது. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் அந்த அழுத்தம் இறங்கிவிடும். டென்ஷனர் தேய்ந்திருந்தாலோ செயின் நீண்டிருந்தாலோ, ஆயில் மறுபடி ஏறும் வரை செயின் தொளதொளவென்று அடித்துக்கொள்ளும். கொஞ்ச நேரம் முன்பு ஓடிய எஞ்சினில் இது பெரும்பாலும் கேட்காது. கேட்கவில்லை என்பதற்காகக் கோளாறு போய்விடாது. செயின் பல் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் மோதும், அதோடு எஞ்சின் கதை முடிந்தது.

என் வண்டி எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள், ஏனென்றால் இது ஒரு கம்பெனியோடு முடிகிற சங்கதி இல்லை. ஃபோக்ஸ்வேகன் குழுமத்தின் ஈஏ888 எஞ்சின்களில் ஆரம்பத் தலைமுறைகளின் டென்ஷனர் பலவீனமானது, பிறகு அதன் வடிவத்தையே மாற்றினார்கள். அதற்கு முந்தைய ஈஏ113 டர்போவில் வேறொரு தலைவலி: ஹை பிரஷர் ஃபியூயல் பம்ப்பை இயக்கும் கேம் ஃபாலோயர் தேய்ந்து ஓட்டையாகும். அந்தச் சின்னப் பாகத்தை அவ்வப்போது கழற்றிப் பார்க்காமல் விட்டால் பம்ப்பும் கேம்ஷாஃப்ட்டும் சேர்ந்து போகும். மினி கூப்பர் எஸ்ஸில் 2007 முதல் 2010 வரை வந்த என்14 எஞ்சினும் காலைச் சத்தத்துக்குப் பேர்போனது. ஃபோர்டு ஃபோகஸ் ஆர்எஸ் 2016, 2017 மாடல்களில் ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் மேல்பகுதி கசியாமல் அடைக்கும் தகடு) பிரச்சினை. கூலன்ட் குறையும், குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்தால் வெள்ளைப் புகை வரும். ஃபோர்டே பொறுப்பேற்றுச் சரிசெய்து கொடுத்தது. சூடான எஞ்சினைக் காட்டி விற்கிறவர்களுக்கு இது அத்தனையும் தெரியும்.

அடுத்த தில்லுமுல்லு இன்னும் நயமானது. வாங்கிய சில நாட்களிலேயே எஞ்சின் விளக்கு எரிந்தது. என் மெக்கானிக் ஸ்கேனரை மாட்டிவிட்டு, டர்போ அழுத்தம் குறைவதாக வந்த கோளாறு எண்ணைக்கூட அப்புறம்தான் பார்த்தார். முதலில் அவர் பார்த்தது, கோளாறு எண்களை அழித்த பிறகு வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்பதை. ஓபிடி (வண்டி தன் கோளாறைத் தானே பதிவுசெய்யும் அமைப்பு) உள்ள பெரும்பாலான கார்கள் இந்தக் கணக்கை வைத்திருக்கின்றன. அது நான் ஓட்டிய தூரத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம். விற்பதற்குச் சற்று முன்னால் எல்லாவற்றையும் அழித்திருக்கிறார்கள். அழித்ததும் 'ரெடினஸ் மானிட்டர்' என்கிற சுயபரிசோதனைகள் முடியாத நிலைக்குத் திரும்பிவிடும், பலவிதமாக ஓட்டிய பிறகுதான் ஒவ்வொன்றாக முடியும். நீங்கள் பார்க்கும்போது அவை பாதிக்குமேல் முடியாமல் கிடந்தால் சந்தேகப்படுங்கள். "பேட்டரி மாத்தினோம் சார்" என்பார்கள். பேட்டரியைக் கழற்றினாலும் இப்படி ஆகலாம்தான். அப்படியானால் ஒரு வாரம் ஓட்டிவிட்டுக் கூப்பிடச் சொல்லுங்கள். ஃபோனோடு இணையும் மலிவான புளூடூத் ஸ்கேனரே இதற்குப் போதும்.

லிஃப்டில் ஏற்றிப் பார்த்தபோது மிச்சமும் வெளிவந்தது. டர்போ குழாய்களில் கம்பெனி மாட்டும் கிளாம்ப்புகள் இல்லை, கடையில் கிடைக்கும் ஸ்க்ரூ கிளாம்ப்புகள். ஸ்ப்ரிங் ஒரிஜினல்தான், ஆனால் டயர்கள் உள்பக்க ஓரத்தில் மட்டும் மொட்டையாகத் தேய்ந்திருந்தன, வண்டியைத் தாழ்த்தி ஓட்டியிருந்தால் தேய்வது மாதிரி. வெளியே நின்று பார்த்தால் அந்த ஓரம் கண்ணில் படாது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டரான ஈசியூவைப் படித்தபோது சாஃப்ட்வேரை மாற்றி எழுதிய தடயம் இருந்தது. சக்தியைக் கூட்டும்படி சாஃப்ட்வேரை மாற்றி, அதாவது ரீமேப் போட்டு, ஆசைதீர ஓட்டிவிட்டு, ஒரிஜினலை ஏற்றி விற்றிருக்கிறார்கள். டீலர் கூடுதல் பணம் வாங்கிக்கொண்டு கொடுத்த வாரன்டி அந்த இடத்திலேயே செத்தது: டியூனிங் செய்த வண்டிக்குக் கிடையாதாம்!

ரீமேப்பின் பில் கிளட்ச்சில் வந்தது. டார்க்கை, அதாவது எஞ்சினின் சுழற்றும் விசையைக் கூட்டினால் ஒரிஜினல் கிளட்ச் வழுக்க ஆரம்பிக்கும். மேல் கியரில் குறைந்த ஆர்பிஎம்மில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துப் பாருங்கள். ஆர்பிஎம் முள் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் போய்விட்டது. டீலரின் டெஸ்ட் டிரைவ் பாதை சிக்னலும் நெரிசலுமாக இருந்ததன் காரணம் இப்போது புரிகிறது, அங்கே யாராலும் முழுக்க மிதிக்க முடியாது. கியர்பாக்ஸை இறக்கும் செலவு எப்படியும் உண்டு என்பதால் கிளட்ச்சோடு சேர்ந்து சுழலும் டூயல் மாஸ் ஃப்ளைவீலையும் சேர்த்தே மாற்ற வேண்டியதாயிற்று, அதன் விலை கிளட்ச்சைவிட அதிகம். செயின் வேலையில் தலைகீழ்: பாகங்களைவிடக் கூலிதான் பெரிது. இரண்டும் சேர்ந்து வண்டி விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிவிட்டன.

ஏமாற்றாத வண்டியாக இருந்தாலும் சில செலவுகள் வந்தே தீரும், அதையும் சொல்லிவிடுகிறேன். டைரக்ட் இன்ஜெக்‌ஷன் எஞ்சினில் பெட்ரோல் இன்டேக் வால்வைக் கழுவாது, கரி படியும். வால்நட் ஓட்டுத் தூளை அடித்துச் சுத்தம் செய்ய வேண்டும். ஃபோக்ஸ்வேகனின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸான டிஎஸ்ஜியில் ஆறு கியர், வெட் கிளட்ச் (கிளட்ச் ஆயிலில் மூழ்கியது) வகை என்றால் 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை கியர்பாக்ஸ் ஆயில், அதற்கு முத்திரை போதாது, பில்லைக் கேளுங்கள். உயர் ஆக்டேன் பெட்ரோல், அகலமான டயர், பெரிய டிஸ்க் எல்லாமே சாதாரண ஹேட்ச்பேக்கைவிடக் கூடுதல். ரீமேப்பைச் சொல்லாமல் இன்சூரன்ஸ் எடுத்தால் கிளெய்ம் அன்றைக்குத் தகராறு.

டீலரிடம் போனேன். "பார்த்து, ஓட்டி, திருப்தியாகி வாங்குகிறேன்" என்று ஒப்பந்தத்தில் என் கையெழுத்து இருப்பதைக் காட்டினார். கூலியில் பாதி தருவதாகவும், பதிலுக்குப் புகார் எதுவும் செய்யமாட்டேன் என்று எழுதித் தரும்படியும் கேட்டார். தரவில்லை. 'எந்த மாடிஃபிகேஷனும் செய்யாத வண்டி' என்ற அவர் விளம்பரத்தை வாங்குமுன்பே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தேன், நான் கேட்கப் போன அன்றே அது நீக்கப்பட்டுவிட்டது. அந்தப் படமும் ஈசியூ பிரின்ட்அவுட்டும் இப்போது நுகர்வோர் புகாரோடு இணைக்கப்பட்டிருக்கின்றன. நீங்களும் பேசப் போவதற்கு முன்பே விளம்பரத்தைச் சேமித்து வையுங்கள்.