கனடாக் கல்லூரி அனுமதிக் கடிதம்: திருகோணமலைப் பெற்றோர் கவனத்துக்கு

என் தங்கை உயர்தரத்தில் நல்ல பெறுபேறு பெற்றதும், அவளைக் கனடாவில் படிக்க வைக்கத் தீர்மானித்து, 2024இல் திருகோணமலைப் பேருந்து நிலையத்துக்கு அண்மையில் மாடியொன்றில் இயங்கிய முகவரிடம் சென்றோம். அம்மாவின் தாலிக்கொடியை அடகு வைத்து, சீட்டும் எடுத்து, 14 இலட்சம் ரூபாவை அவரிடம் கொடுத்தோம். மூன்று வாரத்தில் ஒன்ராறியோக் கல்லூரி ஒன்றின் அனுமதிக் கடிதம் வந்தது. அதைக் கோணேசர் கோயிலில் வைத்து அர்ச்சனை செய்தோம்.

அந்தக் கடிதம் போலியானது. கல்லூரி உண்மையானது, வெளிநாட்டு மாணவரைச் சேர்க்கக் கனடா அரசு ஏற்றுக்கொண்ட கல்லூரிகளின் பட்டியலிலும் அதன் பெயர் இருந்தமையால் நாங்கள் நம்பினோம். ஆனால் 2023 டிசம்பர் 1 முதல், கல்வி அனுமதிக்கு, அதாவது அங்கு படிக்கக் கனடா அரசு தரும் அனுமதிக்கு, விண்ணப்பிப்பவரின் கல்லூரி அனுமதிக் கடிதத்தைக் கனடிய குடிவரவுத் திணைக்களம் உரிய கல்லூரியிடமே கேட்டு உறுதிப்படுத்துகிறது என்பது எங்களுக்குத் தெரியாது.

பணம் போனதைக் காட்டிலும் எனக்கு ஆறாதது இதுதான். கல்வி அனுமதிக்கான விண்ணப்பக் கணக்கு, மின்னஞ்சல், கடவுச்சொல் எல்லாவற்றையும் முகவரே உருவாக்கித் தம்மிடம் வைத்திருந்தார். கடிதத்தில் ஐயம் எழுந்தபோது விளக்கம் கேட்டுத் திணைக்களம் அனுப்பிய மடல் அந்த மின்னஞ்சலுக்கே போயிருக்கிறது. தங்கைக்கு அப்படியொன்று வந்ததே தெரியாது. பதில் கிடைக்காத நிலையில், பொய்யான ஆவணம் சமர்ப்பித்தவர் என்ற தீர்ப்பும் கனடா செல்ல ஐந்தாண்டுத் தடையும் அவள் பெயரில் விழுந்தன. முகவரின் பெயர் விண்ணப்பத்தில் எங்குமே இல்லை. பிரதிநிதி ஒருவர் செயற்பட்டால் அதற்கெனவுள்ள படிவத்தில் அறிவிக்க வேண்டும் என்பதும், கட்டணம் பெற்று இப்பணியைச் செய்யக் கனடிய உரிமம் பெற்ற குடிவரவு ஆலோசகர், சட்டத்தரணி போன்றோருக்கே உரிமை உண்டு என்பதும் பிறகுதான் எங்களுக்குத் தெரியவந்தன.

ஆகவே கணக்கைப் பிள்ளையே, தன் சொந்த மின்னஞ்சலில் திறக்கட்டும். கடிதம் கிடைத்ததும், அதிலுள்ள முகவரிக்கு அன்றி, கல்லூரியின் அதிகாரபூர்வ இணையத்தளத்திலுள்ள அனுமதிப் பிரிவின் முகவரிக்கு எழுதிக் கேளுங்கள். காலம் கடந்து நாங்கள் அப்படிக் கேட்டபோது, கடிதத்திலிருந்த மாணவர் இலக்கம் தங்களுடையதல்ல என்று இரண்டே நாளில் பதில் வந்தது. கல்லூரிக் கட்டணத்தையும் முகவரின் கையில் கொடுக்காமல் கல்லூரிக்கே நேரடியாகச் செலுத்துங்கள். எங்களுக்குத் தரப்பட்ட பற்றுச்சீட்டில் "ஆலோசனைக் கட்டணம்" என்று மட்டுமே எழுதியிருக்கிறது. அதனால் கல்லூரிக்கென்று அவர் வாங்கிய பணத்தை நிரூபிக்கச் சிரமப்படுகிறோம்.

பொலிஸில் முறைப்பாடு செய்துள்ளோம். அந்த மாடி இப்போது பூட்டிக் கிடக்கிறது. அங்கே பணம் கட்டியவர்கள் வேறு எவரேனும் இருந்தால், பற்றுச்சீட்டுடன் சென்று நீங்களும் முறையிடுங்கள்.