பழைய எம்பிவி வாங்கப் போகிறவர்கள் ‘கன்சைன்மென்ட்’ என்ற சொல்லைக் கவனியுங்கள்

சிங்கப்பூரில் நான் ஏமாந்த அதே பழைய கார் கடை போன வாரம் இன்னொரு எம்பிவியை, அதாவது ஏழு இருக்கை வண்டியை, விளம்பரம் செய்திருந்தது. அதே வயது, அதே வாசகம்: ‘இன்ஜின், கியர்பாக்ஸ் சூப்பர்’. அதைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். கடையின் பெயரோ மாடலின் பெயரோ இங்கே வேண்டாம். பன்னிரண்டு வயது தாண்டிய எந்த எம்பிவிக்கும் கோளாறு வரும். என் கோபம் வண்டியின் மீது இல்லை, தெரிந்தே மறைத்து விற்றதன் மீதுதான்.

எங்கள் வீட்டில் ஆறு பேர். அம்மாவுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். சக்கர நாற்காலியை மடித்து வைக்க இடம் வேண்டும், கதவு அகலமாகத் திறக்க வேண்டும். புதிய எம்பிவி வாங்க எங்களிடம் வசதி இல்லை. 2024 மார்ச்சில் ஊபியில் ஒரு கடையில், 2011 ஆகஸ்ட்டில் பதிவான 2.4 லிட்டர் வண்டியைப் பார்த்தோம். 2021இல் ஐந்தாண்டுக்கு சிஓஇ (கார் வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்த வண்டி. விலை 21,800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). விற்பனையாளர் தமிழர். “அண்ணே, அம்மா ஏறுற வண்டின்னு சொல்றீங்க, உங்களுக்குப் போய் தப்பான வண்டியக் குடுப்பேனா?” என்றார். அதற்கு மேல் எனக்குச் சந்தேகம் கேட்கவே கூச்சமாகிவிட்டது.

அவர் சொன்ன முதல் பொய், “சிஓஇ முடிஞ்சா திரும்பவும் புதுப்பிச்சுக்கலாம்” என்பது. முடியாது. ஐந்தாண்டுக்குப் புதுப்பித்த காரின் சிஓஇயை மறுபடி நீட்டிக்க வழியே இல்லை. காலம் முடிந்ததும் பதிவை ரத்து செய்தாக வேண்டும். பத்தாண்டுக்குப் புதுப்பித்தால்தான் பிறகு இன்னொரு முறை கேட்க முடியும். இரண்டு வகையிலும், புதுப்பித்த வண்டிக்கு, பதிவுக் கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும் பார்ஃப் தொகை கிடையாது.

சாலை வரியைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. பத்து வயது தாண்டிய காருக்கு வரியோடு பத்து விழுக்காடு கூடுதல் கட்டணம் சேரும். ஆண்டுக்குப் பத்து பத்தாக ஏறி, பதினான்கு வயதைத் தாண்டினால் ஐம்பது விழுக்காட்டில் நிற்கும். 2,362 சிசி இன்ஜினுக்கு ஆண்டு வரி சுமார் 1,640 வெள்ளி. ஐம்பது விழுக்காடு சேர்ந்தால் 2,450ஐத் தாண்டிவிடும். வயதான வண்டி என்பதால் முழுக் காப்புறுதி தர நான் கேட்ட மூன்று நிறுவனங்களில் இரண்டு மறுத்தன.

“போன மாசம்தான் இன்ஸ்பெக்‌ஷன் பாஸ்” என்று ஒரு தாளைக் காட்டினார். அதை நம்பியதுதான் நான் செய்த பெரிய தவறு. பத்து வயதுக்கு மேற்பட்ட கார்களுக்கு ஆண்டுதோறும் நடக்கும் அந்தச் சோதனையில் பிரேக், விளக்கு, டயர், புகை போன்றவற்றைத்தான் பார்ப்பார்கள். சாலையில் ஓடத் தகுதி உண்டா என்பதுதான் அவர்கள் கேள்வி. இன்ஜின் எவ்வளவு எண்ணெய் குடிக்கிறது, கியர்பாக்ஸ் இன்னும் எத்தனை மாதம் தாங்கும் என்பதெல்லாம் அந்தத் தாளில் இருக்காது.

மூன்றாவது வாரம் இடப்பக்கத்துத் தானியங்கி சறுக்குக் கதவு பாதியில் நின்றது. உள்ளே கதவை இழுக்கும் கேபிள் நைந்து பிரிந்திருந்தது. அம்மாவை உள்ளே உட்கார வைத்துவிட்டு மழையில் கதவைக் கையால் தள்ளினேன். பழைய உதிரிபாகம் போட்டு 480 வெள்ளி. அடுத்து பின்வரிசை ஏர்கான். பின்னால் போகும் அலுமினியக் குழாய் வண்டிக்கு அடியில் ஓடுவதால் அரித்துப்போய் வாயு கசிந்தது. அதற்கு 620. கியரை டி-யில் வைத்துச் சிக்னலில் நின்றால் ஸ்டியரிங் அதிரும். இன்ஜின் மவுண்டிங் தேய்ந்திருந்தது. முன்சக்கரத்தைத் தாங்கும் லோவர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷையும் சேர்த்து மாற்ற 850.

இவை வயதான வண்டிக்கு வழக்கமான செலவு. சரி என்று பொறுத்துக்கொண்டேன்.

பொறுக்க முடியாதது எண்ணெய். ஆயிரம் கிலோமீட்டருக்குள் ஒரு லிட்டருக்கு மேல் காணாமல் போனது. கீழே ஒரு சொட்டுக் கசிவு இல்லை. அங் மோ கியோ பணிமனையில் இருந்த சீன அங்கிள் டிப்ஸ்டிக்கை இழுத்து விரலில் தேய்த்துப் பார்த்தார். மிகவும் கெட்டியான எண்ணெய் ஊற்றி வைத்திருக்கிறார்கள் என்றார். பிஸ்டனில் எண்ணெயை வழித்தெடுக்கும் வளையம் கரிபிடித்து இறுகிவிட்டால், எண்ணெய் மேலேறிப் பெட்ரோலோடு எரியும். காலையில் வண்டியைக் கிளப்பும்போது நீலப் புகை வரும். கெட்டியான எண்ணெய் ஊற்றினால் சில வாரம் அடங்கியிருக்கும், விற்று முடிக்க அது போதும். நான் போன மூன்று தடவையும் இன்ஜினை முன்கூட்டியே ஓடவிட்டுச் சூடாக வைத்திருந்தார்கள். அது ஏன் என்று அன்றுதான் புரிந்தது.

டிசம்பர் பள்ளி விடுமுறையில் குளுவாங்கில் ஒரு கல்யாணம். அம்மாவுக்கு டயாலிசிஸ் இல்லாத நாளாகப் பார்த்துக் கிளம்பினோம். புக்கிட் தீமா விரைவுச்சாலையில், உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடிக்கான வரிசையில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. அப்போது வெப்ப முள் சரசரவென்று ஏறியது. வண்டி ஓடும்போது ரேடியேட்டருக்குக் காற்று தானாகக் கிடைக்கும், நெரிசலில் மின்விசிறியை மட்டுமே நம்ப வேண்டும். இரண்டு விசிறிகளில் ஒன்று செத்துப்போயிருந்தது. ஆவி கிளம்பியது. குழந்தைகள் அழுதார்கள். அம்மா ஒன்றும் சொல்லாமல் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வண்டி வந்து, அருகிலிருந்த வாகன நிறுத்துமிடம் வரை இலவசமாக இழுத்துச் சென்றது. அந்த ஊழியர் அம்மாவுக்குத் தண்ணீர் கொடுத்ததை மறக்கமாட்டேன்.

ரேடியேட்டருக்குள் கூலன்ட்டுக்குப் பதிலாகப் பழுப்பு நிறக் குழாய்த் தண்ணீர், அதோடு கசிவை அடைக்க ஊற்றும் மருந்து கெட்டிப்பட்டுப் பாதிக் குழாய்களை அடைத்திருந்தது. வாங்கியதிலிருந்து அந்தப் பக்கம் யாரும் கை வைத்ததில்லை. இன்ஜினின் மேல்பகுதியை அடைக்கும் தகடான ஹெட் காஸ்கெட் போய்விட்டது. அதைச் சரிசெய்ய 3,800 வெள்ளி, எண்ணெய் குடிப்பது அப்போதும் தீராது. கியர்பாக்ஸ் எண்ணெயும் கறுத்துத் தீய்ந்த வாடை அடித்தது.

கடைக்குப் போனேன். “அண்ணே, நாங்க ஏஜென்ட் மட்டும்தான், ஒப்பந்தத்தப் பாருங்க” என்றார். இரண்டாம் பக்கத்தில் சிறிய எழுத்தில் ‘கன்சைன்மென்ட்’ என்று இருந்தது. விற்றவர் ஒரு தனிநபர், கடை இடைத்தரகர். இதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. கடையே விற்பனையாளராக இருந்தால், குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்க 2012 செப்டம்பரிலிருந்து நடப்பில் உள்ள லெமன் சட்டம் பழைய கார்களுக்கும் பொருந்தும். கையில் கிடைத்து ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை முதலிலேயே இருந்ததாகக் கொள்வார்கள். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது விற்றவர். வண்டியின் வயதையும் விலையையும் கணக்கில் எடுப்பார்கள்தான், ஆனாலும் பிடித்துக்கொள்ள ஒரு பிடி இருக்கும். தனிநபர் தனிநபருக்கு விற்றால் அந்தச் சட்டம் வராது. நான் கையெழுத்துப் போட்டபோது அந்தப் பக்கத்தைத் திருப்பவே இல்லை.

பயனீட்டாளர் சங்கத்தில் கேட்டுவிட்டு, சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் மனு போட்டேன். அங்கே 20,000 வெள்ளி வரை கோரலாம், இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். எனக்குக் கைகொடுத்தது ஒரே ஒரு வாட்ஸ்அப் செய்தி: “கூலிங் சிஸ்டம் எல்லாம் புதுசா மாத்தியாச்சு” என்று அந்த விற்பனையாளர் அனுப்பியது. சமரசப் பேச்சில் 2,000 வெள்ளி தர ஒப்புக்கொண்டார்கள். ஆகவே வாய்ப்பேச்சில் எதையும் ஏற்காதீர்கள். கேள்வியை எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.

முன்பணம் கொடுப்பதற்கு முன், விகாம் போன்ற சோதனை நிலையத்துக்கோ உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கிடமோ வண்டியைக் கொண்டுபோக வேண்டும் என்று சொல்லுங்கள். மறுத்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். காலையில் போய் முதலில் பானெட்டில் கை வையுங்கள், சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். குளிர்ந்த நிலையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீரின் நிறத்தைப் பாருங்கள். சாவியைத் திருப்பியதும், கிளப்புவதற்கு முன், இன்ஜின் எச்சரிக்கை விளக்கு எரிய வேண்டும். எரியாவிட்டால் அதை யாரோ அணைத்து வைத்திருக்கலாம். ஏர்கானைப் போட்டு இருபது நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடவிடுங்கள். அப்புறம் அடுக்குமாடி வாகன நிறுத்துமிடத்தின் சரிவில் ஏற்றிப் பாருங்கள்.

2025 ஜனவரியில் வண்டியின் பதிவை ரத்து செய்தேன். மீதமிருந்த சிஓஇ காலத்துக்கு 9,000 வெள்ளிச் சொச்சம் திரும்பி வந்தது. பத்து மாதத்தில் போனது, பழுதுபார்த்த செலவையும் சேர்த்து, 14,000க்கு மேல். நடுவர் மன்றத்தில் கிடைத்த 2,000ஐ அதில் கழித்துக்கொள்ளலாம். அம்மாவுக்கு இப்போது சக்கர நாற்காலியோடு ஏறக்கூடிய வாடகை வண்டியை முதல் நாள் இரவே பதிவு செய்கிறோம். விடியற்காலை ஆறே காலுக்குப் புளோக்கின் கீழே வந்து நிற்கிறது.