தருமபுரியில் சைக்கிளுக்கு பார் எண்ட் மாட்டப் போகிறவர்கள் கொஞ்சம் நின்று படியுங்கள்

கடைப் பெயரை எழுதப் போவதில்லை, கேட்டு மெசேஜும் அனுப்பாதீர்கள். தருமபுரி டவுனுக்குள் இருக்கிற ஒரு சைக்கிள் கடை, அவ்வளவுதான். அங்கே என் சைக்கிளில் செய்த வேலையை எந்தக் கடையிலும் செய்வார்கள் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் போய்வருவேன். போகும்போது மலைப்பாதை இறக்கம், சுகமாக இருக்கும். திரும்பும்போது அதே பாதை ஏற்றம், அங்கேதான் கணக்குத் தீர்க்கும். என்னுடையது நேர் ஹேண்டில்பார் வைத்த சாதாரண எம்டிபி, அதாவது மலை சைக்கிள். ஒரே பிடியில் மிதித்து ஏறினால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும், ஏனென்றால் அந்த விரல்களுக்குப் போகிற நரம்பு உள்ளங்கையின் வெளி ஓரத்தில் அழுந்துகிறது. பார் எண்ட் மாட்டினால் இன்னொரு பிடி கிடைக்கும். ஹேண்டில்பாரின் இரண்டு முனையிலும் மாட்டுகிற சின்னக் கொம்புதான் அது. தொண்ணூறுகளில் மலை சைக்கிள் என்றாலே இந்தக் கொம்பு இருக்கும். அகலமான ஹேண்டில்பார் வந்த பிறகு பழைய ஃபேஷன் ஆகிவிட்டது. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், எழுந்து நின்று மிதிக்கிற ஏற்றத்துக்கு இதைவிடச் சௌகரியமான பிடியை நான் பார்க்கவில்லை.

கடையில் பார் எண்ட் 850 ரூபாய், புது ரப்பர் கிரிப் 400, மாட்டுகூலி 200 என்றார்கள். "பக்கா அலாய் சார், துருவே பிடிக்காது" என்றார் முதலாளி. பில் கேட்டேன். புத்தகம் தீர்ந்துவிட்டதாம். சரி என்று விட்டுவிட்டேன், அது என் தப்பு.

வேலை செய்த பையன் பழைய கிரிப்பை ஸ்குரூ டிரைவரால் நெம்பிக் கழற்றினான். புதுசு ஏறவில்லை. தையல் மிஷின் எண்ணெய் டப்பாவை எடுத்து, கிரிப்புக்குள் நாலு சொட்டு விட்டு, உள்ளங்கையால் தேய்த்து உள்ளே தள்ளினான். வழுக்காதா தம்பி என்று கேட்டேன். "காஞ்சிடும்ணா" என்றான். மிஷின் எண்ணெய் காய்ந்து யார் பார்த்தது? கேட்டுவிட்டுப் பேசாமல் நின்றேன்.

அடுத்தது கொம்பு. ஹேண்டில்பாரைக் கவ்விப் பிடிக்கிற அதன் கிளாம்ப் கிட்டத்தட்ட 2 செ.மீ. அகலம். அந்த அகலம் முழுக்க வெறும் உலோகத்தில் உட்கார வேண்டும். அப்படியானால் பிரேக் லீவரையும் கியர் ஷிஃப்டரையும் தளர்த்தி அதே அளவு உள்ளே நகர்த்தணும், இல்லாவிட்டால் கிரிப்பை வெட்டிக் குறைக்கணும். பையன் இரண்டையும் செய்யவில்லை. கிரிப்பை முடிந்தமட்டும் உள்ளே அமுக்கி, மிஞ்சியிருந்த ஒரு விரல் அகலத்தில் கிளாம்ப்பை மாட்டினான். பாதி ஹேண்டில்பாரில், பாதி காற்றில். அது பிடிக்க வேண்டும் என்று போல்ட் முறுக்குகிற ஆலன் கீயில், நெம்புவதற்கு ஒரு குழாய் சொருகி முறுக்கினான். ஹேண்டில்பார் குழாயின் முனையை மூடுகிற பிளாஸ்டிக் அடைப்பான் பாக்கெட்டிலேயே இருந்தது, போடவில்லை. எனக்கும் அது எதற்கென்று அன்று தெரியாது.

அடுத்த ஞாயிறு, ஒகேனக்கலிலிருந்து திரும்புகிற ஏற்றம். எழுந்து நின்று இரண்டு கொம்பையும் இழுத்து மிதித்தேன். வலது கொம்பு கையோடு உருவிக்கொண்டு வந்துவிட்டது. சைக்கிள் ஒடிந்த மாதிரி இடப்பக்கம் சாய, நான் வலது தொடையை ஹேண்டில்பார் முனையில் இடித்தபடி விழுந்தேன். மூடாத குழாய் முனை. ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து அழுத்தின மாதிரி அரைவட்டமாகத் தோல் வெட்டுப்பட்டிருந்தது. பின்னால் வந்த பஸ்காரர் பிரேக் போட்டார். நல்ல வேளை, ஏற்றமாக இருந்ததால் அவரும் மெதுவாகத்தான் வந்துகொண்டிருந்தார். இறக்கமாக இருந்திருந்தால் இதை எழுத நான் இருப்பேனா தெரியாது.

வீட்டுக்கு வந்து கழற்றிப் பார்த்தேன். கிளாம்ப்பில் மயிரிழை விரிசல். கிரிப்பை விரலால் சுழற்றினால் சுற்றியது, உள்ளே எண்ணெய் அப்படியே பளபளவென்று. ஒரு சந்தேகத்தில் ஃப்ரிட்ஜ் கதவிலிருந்த காந்தத்தை எடுத்துக் கொம்பில் வைத்தேன். ஒட்டிக்கொண்டது. அலுமினிய அலாயில் காந்தம் எங்கே ஒட்டும்? பெயின்ட் அடித்த இரும்பை அலாய் என்று தலையில் கட்டியிருக்கிறார்கள்.

கடைக்குப் போய்க் கேட்டால், "நீங்க இழுத்த இழுப்புக்கு நாங்க என்ன சார் பண்றது? எண்ணெய் போடாம ரப்பர் எப்படி ஏறும்?" என்கிறார் முதலாளி. அவர் பொய் சொல்லவில்லை, உண்மையாகவே அப்படித்தான் நம்புகிறார் என்பதுதான் வயிற்றைக் கலக்கியது. காந்தத்தைக் காட்டியதும் பேச்சு மாறி, 300 ரூபாயை எடுத்து நீட்டினார். வாங்கவில்லை.

அப்புறம் நானே மாட்டினேன், அரை மணி நேரம் ஆனது. மெடிக்கல் ஷாப்பில் ஸ்பிரிட் வாங்கி, ஹேண்டில்பாரையும் கிரிப்பின் உட்பக்கத்தையும் எண்ணெய் போகத் துடைத்தேன். பிறகு உள்ளே கொஞ்சம் ஸ்பிரிட் விட்டுத் தள்ளினால் ரப்பர் சர்ரென்று ஏறுகிறது, ஸ்பிரிட் ஆவியான பிறகு இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. ஒரு ராத்திரி அப்படியே விட்டேன். லீவர்களை 2 செ.மீ. உள்ளே தள்ளினேன், வேறு அலுமினியக் கொம்பு வாங்கிக் கிளாம்ப் முழுக்க உலோகத்தில் உட்கார வைத்தேன், அடைப்பானைப் போட்டேன். கொம்பைக் கொஞ்சமாக மேல்நோக்கிச் சாய்த்து, அதன்மேல் உடம்பு எடை முழுவதையும் போட்டு அமுக்கிப் பார்த்த பிறகுதான் ரோட்டில் இறக்கினேன். நேர் ஹேண்டில்பார் கைப்பிடி விட்டம் 22.2 மி.மீ., அதற்கேற்ற கொம்புதான் வாங்கணும். கார்பன் ஹேண்டில்பார் வைத்திருப்பவர்கள் தயாரித்த கம்பெனி அனுமதித்திருந்தால் ஒழிய கொம்பே மாட்டாதீர்கள், நசுங்கிவிடும். காசு இருந்தால் போல்ட் போட்டு இறுக்குகிற லாக்-ஆன் கிரிப் வாங்குங்கள், எண்ணெய்ப் பேச்சே வராது.

பில் விஷயம்: பில் கொடுக்க மறுப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்து சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையான புகாருக்குக் கட்டணமும் கிடையாது. ஆனால் நான் என்ன காட்டுவேன்? கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

தொடைக் காயம் ஆறிவிட்டது, அரைவட்டம் மட்டும் கறுப்பாக நிற்கிறது. நன்றாக இருந்த என் பழைய கிரிப் இரண்டையும் அவர்கள் திருப்பித் தரவேயில்லை.