கண்டி – பதுளை மலைக் கோச்சி: வன்னியிலிருந்து போகிறவர்களுக்கு

கண்டியிலிருந்து பதுளைக்குப் போகும் மலை ரயிலைப் பற்றி யூரியூப்பில் வீடியோவுக்குக் குறைவில்லை. எல்லாவற்றிலும் அதே ஒன்பது வளைவுப் பாலம், அதே கதவில் தொங்குகிற படம். நான் வன்னியில், கிளிநொச்சி தர்மபுரத்தில் மரவேலை செய்கிறவன். அம்மா கொட்டகலைப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்து, தமிழருக்கு எதிரான 1977 கலவரத்தோடு தாய் தகப்பனுடன் கிளிநொச்சிக்கு வந்தவ. "கண்ண மூடுறதுக்குள்ள ஒருக்கா அந்தக் கோச்சியில ஏத்திவிடு தம்பி" என்று கேட்டுக்கொண்டே இருந்தா. காலபோக நெல் வெட்டி முடிந்த கையோடு கூட்டிக்கொண்டு போனேன். கொடுத்த காசுக்கு இவ்வளவு பெறுமதியான பயணம் இந்த நாட்டில் நான் போனதில்லை. ஆனால் எந்தப் பெட்டியில் ஏறுகிறீர்கள், எதைப் பார்க்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கு.

நாங்கள் போனது பஸ்ஸில். யாழ்ப்பாணத்திலிருந்து வரும் கண்டி பஸ்ஸைக் கிளிநொச்சியில் பிடித்தால் தம்புள்ளை, மாத்தளை தாண்டிக் கண்டியில் இறக்கிவிடும். இந்தப் பாதையில் நித்திரை கொள்ளாதீர்கள். கோப்பித் தோட்டக் காலத்தில் ராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சிப் பக்கத்துச் சனம் மன்னாரில் இறங்கி, மடுப் பக்கக் காட்டுக்குள்ளால் மதவாச்சிக்கு வந்து, அங்கிருந்து தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தது. வாந்திபேதியும் காய்ச்சலும் பசியுமாக ஆயிரக்கணக்கான ஆட்கள் வழியிலேயே விழுந்தார்கள். 2009இல் யுத்தத்தில் இடம்பெயர்ந்து செட்டிகுளம் முகாமில் நாங்கள் கிடந்ததும் அந்தக் காட்டுப் பக்கம்தான். மலைக்குப் போனவர்களும் வன்னியால்தான் நடந்தார்கள். மலையிலிருந்து துரத்தப்பட்டவர்களும் வன்னிக்குத்தான் வந்தார்கள். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலைத் தாண்டும்போது அம்மா பஸ்ஸுக்குள் எழும்பி நின்று கும்பிட்டா.

கண்டியில் இரவு தங்கி, காலையில் கொழும்பிலிருந்து வரும் பதுளை வண்டியில் ஏறினோம். டிக்கட் விசயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆசனப் பதிவு 30 நாளுக்கு முன் திறக்கும். திறந்த வேகத்தில் முடிந்தும் போகும். பிறகு அதையே பல மடங்கு விலைக்கு விற்கிற ஆட்கள் இருக்கிறார்கள். ஒருவர் எங்களிடம் சொன்ன விலையில் எங்கள் ஊரில் ஒரு கிழமைச் சாமான் வாங்கலாம். வேண்டாம் என்று விட்டு, பதிவில்லாத மூன்றாம் வகுப்பு டிக்கட்டைக் கவுண்டரிலேயே எடுத்தோம். ஏசி போட்ட முதலாம் வகுப்பில் ஜன்னல் திறக்காது. மலைக் காற்றும் தேயிலைக் கொழுந்து வாசமும் இல்லாமல் கண்ணாடிக்குள்ளால் பார்ப்பதற்கு இவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. இரண்டாம் அல்லது மூன்றாம் வகுப்பு எடுங்கள், ஜன்னலைத் தூக்கிவிட்டு இருங்கள்.

இந்தப் பாதை ஏன் போடப்பட்டது என்பது தெரிந்து ஏறினால் பயணமே வேறாகிவிடும். கண்டி மலைகளில் விளைந்த கோப்பியை மாட்டு வண்டியில் கொழும்புக்கு இறக்கக் கிழமைக்கணக்கில் எடுத்தது. தோட்டத் துரைமார் ரயில் வேண்டும் என்று 1840களிலிருந்தே அரசாங்கத்தைப் பிடுங்கத் தொடங்கினார்கள். 1858இல் வேலை தொடங்கி, 1864 டிசம்பரில் அம்பேபுஸ்ஸ வரைக்கும் முதல் வண்டி ஓடி, 1867இல் கண்டிக்குப் போய்ச் சேர்ந்தது. நாவலப்பிட்டிக்கு 1874, ஹட்டனுக்கு 1884, நானுஓயாவுக்கு 1885. அதற்குள் 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியைத் தின்று தீர்த்துவிட்டது. கோப்பிக்காகப் போட்ட பாதை தேயிலைப் பெட்டிகளை இறக்கவும் தோட்டங்களுக்கு அரிசி ஏற்றவும் நின்றது. பண்டாரவளைக்கு 1894, கடைசியில் பதுளைக்கு 1924. பாறையை வெடி வைத்து உடைத்து, கூடையில் மண் சுமந்து, சுரங்கம் குடைந்தவர்களில் பெரும் பங்கு தமிழ்நாட்டிலிருந்து வந்த கூலி ஆட்கள். பெரிய இஞ்சினியர்மார் பெயர் புத்தகங்களில் இருக்கு. மண் சுமந்தவர்களின் பெயர்களை நாங்கள் போன வழியில் ஒரு ஸ்டேஷன் சுவரிலும் நான் காணவில்லை. அதைச் செய்யச் சொல்லி யாராவது கேட்க வேணும். நான் இங்கே கேட்கிறேன்.

ஏற்றம் உண்மையாகத் தொடங்குவது நாவலப்பிட்டியில். அந்த ஸ்டேஷன் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 580 மீற்றர். நானுஓயா 1,600 மீற்றரைத் தாண்டும். பாதையின் சரிவு 44க்கு 1, அதாவது 44 அடி ஓடினால் 1 அடி ஏறும். எங்கள் கிளிநொச்சித் தட்டைப் பாதையில் ஓடிப் பழகிய கண்ணுக்கு, இஞ்சின் முக்கி முக்கி ஏறுவதும், வளைவில் தலையை நீட்டினால் முன்பெட்டியும் பின்பெட்டியும் ஒரே நேரத்தில் தெரிவதும் புதினம்தான். ஊட்டி ரயிலோடு இதை ஒப்பிட்டுப் பார்க்க வேணும். அது மீற்றர் கேஜ். குன்னூர்ப் பக்கத்துச் செங்குத்தில் தண்டவாளங்களுக்கு நடுவில் பல் வைத்த இரும்பு, அதில் பல்சக்கரம் கடித்துக் கடித்து ஏறும். இங்கே பல்லும் இல்லை, சக்கரமும் இல்லை. காங்கேசன்துறைக்கு ஓடுகிற அதே 5 அடி 6 அங்குல அகலப் பாதைதான், இரும்பில் இரும்பு உராய்கிற பிடிமானம் மட்டும்தான். அதனால்தான் பாதை மலையைச் சுற்றிச் சுற்றி, ஒவ்வொரு கணவாய்க்குள்ளும் நுழைந்து வெளியே வந்து, மெல்ல மெல்ல உயருகிறது. அவ்வளவு அகலமான பாதையை இவ்வளவு நெருக்கமான வளைவுகளில் கொண்டுபோனது பெரிய வேலை. நுவரெலியா வழியாக இராகலைக்கு நானுஓயாவிலிருந்து 2 அடி 6 அங்குலக் குறுகிய பாதை ஒன்றும் 1900களின் தொடக்கத்தில் போட்டார்கள். அது 1940களோடு போய்விட்டது. இருந்திருந்தால் உலகமே வந்து ஏறியிருக்கும்.

ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஒரு காரியத்தைப் பாருங்கள். வண்டி உள்ளே வரும்போது ஸ்டேஷன் ஆள் ஒருவர் கையில் பெரிய வளையம் ஒன்றோடு நிற்பார். வளையத்தில் தோல் பை, அதற்குள் ஒரு வட்டத் தகடு. டிரைவர் பழைய வளையத்தைக் கொடுத்துவிட்டுப் புதியதை வாங்குவார். ஒற்றைத் தண்டவாளம் என்பதால் அடுத்த ஸ்டேஷன் வரைக்குமான உரிமை அந்தத் தகடுதான். இரண்டு ஸ்டேஷன்களிலும் உள்ள பெட்டிகள் கம்பியால் ஒன்றோடொன்று பூட்டுப்பட்டிருக்கும். ஒரு தகடு வெளியே போனால் அது திரும்பப் பெட்டிக்குள் விழும் வரைக்கும் இன்னொன்று வராது. அதனால் எதிரும் புதிருமாக இரண்டு வண்டி வர வழியே இல்லை. வெள்ளைக்காரன் காலத்து ஏற்பாடு, இன்னும் அந்த மலைகளில் ஆட்களைப் பத்திரமாகக் கொண்டுபோகுது. என் பக்கத்தில் நின்ற பொடியனுக்கு இதை விளங்கப்படுத்தினேன்; பதுளை வரைக்கும் ஒரு ஸ்டேஷன் விடாமல் எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தான்.

வட்டவளையில் ஒரு வயதான மனுசி உரப்பையில் மரக்கறியோடு ஏறினா. என் அம்மாவின் பேச்சைக் கேட்டதும் திரும்பி, "எந்தத் தோட்டம் அக்கா?" என்றா. அம்மா தோட்டத்தின் பெயரையும் டிவிசனையும் சொன்னா. "இப்ப எங்க இருக்கீங்க?" "கிளிநொச்சி." "அய்யோ, எங்க தங்கச்சி வீட்டுக்காரர் ஆளுகளும் அங்கதான், பாரதிபுரத்துல!" அதற்குப் பிறகு ஹட்டன் வரைக்கும் இரண்டு பேரும் வாயே மூடவில்லை. அம்மா இவ்வளவு காலமும் எங்கள் ஊர்த் தமிழில் பேசிப் பழகியவ. அரை மணித்தியாலத்தில் பழைய பேச்சு அப்படியே திரும்பி வந்துவிட்டது. ஹட்டன் ஸ்டேஷனில் மட்டும் அம்மா பேசவில்லை. தோட்டத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்பின சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் அவவின் மாமா குடும்பம் தலைமன்னாருக்கு வண்டி ஏறியது அந்த மேடையில்தான். அங்கிருந்து கப்பல், ராமேஸ்வரம், பிறகு கடிதமும் நின்றுவிட்டது.

ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் நடுவில் சிங்கமலைச் சுரங்கம். அரைக் கிலோமீற்றருக்கும் கூட நீளம், பாதையிலேயே பெரியது. உள்ளே போனதும் பெட்டி முழுக்கப் பொடியன்கள் கூக்காட்டுவார்கள், அதுவும் ஒரு வழக்கம். வெளியே வந்ததும் கொட்டகலை. அம்மா கையை நீட்டி ஒரு மலைச் சரிவைக் காட்டினா. தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயத்துக் கூரைகள் தெரிந்தன. தேயிலைச் செடியைப் பார்த்து, "கவாத்து வெட்டிக் கிடக்கு" என்று மட்டும் சொன்னா.

நானுஓயாவில் பெட்டி நிறைந்துவிடும். நுவரெலியாவில் தங்குகிற வெளிநாட்டுக்காரர் எல்லாரும் எல்லவுக்குப் போக அங்கேதான் ஏறுகிறார்கள். வரட்டும், ஊருக்குப் பிழைப்பு. ஆனால் கதவைப் பிடித்து வெளியே சாய்ந்து படம் எடுப்பது விளையாட்டில்லை; அப்படி விழுந்து செத்த ஆட்கள் உண்டு. பாறை கைக்கெட்டும் தூரத்தில் வருகிற இடங்கள் இருக்கு, சுரங்க வாசலும் திடீரென்று வரும். இன்னொன்று, இந்த வண்டி தோட்டத்துச் சனம் ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் போகிற வண்டியும்தான். அவர்கள் சாமானோடு நிற்க இடம் கேட்டால் எழும்பி இடம் விடுங்கள். பதிவில்லாத பெட்டிகள் குறையவே கூடாது என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

பட்டிப்பொல 1,891 மீற்றர். இலங்கையில் அதற்கு மேலே ஸ்டேஷன் இல்லை. அதைத் தாண்டிப் பாதை இன்னும் கொஞ்சம் ஏறி 1,898 மீற்றரைத் தொட்டு, ஒரு சுரங்கத்துக்குள் புகுந்து ஊவாப் பக்கம் வெளியே வரும். நாங்கள் நுழைந்தது மப்பும் தூறலும். வெளியே வந்தது சுள்ளென்ற வெயில். அந்த மலைதான் இரண்டு பக்கத்து மழையையும் பிரிக்கிறது. அம்மாவின் சுவெட்டருக்கு மேலே என்னுடையதையும் போட்டுவிட்டேன். குளிர் பொய்யில்லை, கொண்டுபோங்கள்.

ஒஹியவிலிருந்து இதல்கஸ்ஹின்ன வரைக்கும் சுரங்கம் மாறிச் சுரங்கம். வண்டி நின்ற இடத்தில் நான் தண்டவாளத்துக்குக் கீழேதான் பார்த்தேன். எங்கள் வடக்குப் பாதை திரும்பப் போட்டபோது, தண்டவாளத்தைத் தாங்குகிறதுக்குக் கொங்கிறீற் சிலிப்பர் வந்துவிட்டது. மலை வளைவுகளில் மரச் சிலிப்பர் கட்டை கண்டேன்: மேல்முகம் வெயிலில் வெடித்து, இரும்பு ஆணி இறங்கின இடத்தில் மட்டும் எண்ணெய் ஊறிக் கறுத்து, நரம்பு நரம்பாய். அந்தக் கட்டையை எனக்கு நல்லாய்த் தெரியும். 1990இல் வடக்குக் கோச்சி நின்ற பிறகு, எங்கள் பக்கத்தில் தண்டவாளமும் சிலிப்பரும் பங்கர் கூரைக்குப் போனது. ஷெல் விழுந்த இரவுகளில் அந்தக் கட்டைகளுக்குக் கீழேதான் படுத்தோம். 2013இல் கிளிநொச்சிக்கு வண்டி திரும்பி வந்த அன்று ஊரே ஸ்டேஷனில் நின்றது. கட்டை அதன் இடத்தில், தண்டவாளத்துக்குக் கீழே கிடப்பதைப் பார்ப்பதில் எனக்கு இருந்த நிம்மதியைச் சொல்லி முடியாது.

எல்லவில் முக்கால்வாசிப் பேர் இறங்கிவிடுவார்கள். இறங்காதீர்கள். ஒன்பது வளைவுப் பாலம் வருவது எல்லவுக்குப் பிறகு. ஏறத்தாழ 90 மீற்றர் நீளம், கல்லும் செங்கலும் சீமெந்தும் மட்டுமே, உருக்குச் சட்டம் இல்லை. அதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது தெமோதரை. ஸ்டேஷனில் நின்ற வண்டி புறப்பட்டு, மலையைச் சுற்றி இறங்கி, தான் நின்ற அதே ஸ்டேஷனுக்குக் கீழே இருக்கும் சுரங்கத்துக்குள்ளால் போகிறது. இவ்வளவு சரிவை எப்படி இறக்குவது என்று இஞ்சினியர் யோசித்துக்கொண்டு நிற்க, கூலி ஆட்களுக்குத் தலைவனாய் நின்ற ஒரு கங்காணி தலைப்பாகையை அவிழ்த்து வட்டமாய்ச் சுற்றிக் கட்டினாராம். அதைப் பார்த்து வந்த யோசனைதான் இது என்று அங்கே எல்லாரும் சொல்வார்கள். நடந்ததோ இல்லையோ, அந்தக் கதையில் ஒரு கங்காணியாவது இருக்கிறார்.

பள்ளிக்கூடங்களுக்கு ஒரு வேண்டுகோள். கல்விச் சுற்றுலா என்று பிள்ளைகளைக் கொழும்புக் கடற்கரைக்குக் கொண்டுபோகிற ஆசிரியர்மார் ஒரு தடவை இந்தப் பாதையில் கொண்டுபோங்கள். வன்னியில் படிக்கிற பிள்ளைகளில் எத்தனையோ பேரின் அம்மம்மா, அப்பப்பா வந்த வழி இது. பஸ் வேண்டாம் என்றால் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ கொழும்பு வண்டியில் ஏறிப் பொல்காவலையில் இறங்கி, மலை வண்டிக்கு மாறுங்கள். வடக்குப் பாதை பிரிகிற சந்தி அதுதான். அப்படிப் போனால் நாங்கள் தவறவிட்ட கடுகண்ணாவ ஏற்றமும் கிடைக்கும். பதுளை வண்டி எது என்பதை முதல் நாளே ஸ்டேஷனில் கேட்டு வையுங்கள். மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை அடைபடுவது உண்டு, அதையும் விசாரித்துக்கொண்டு வெளிக்கிடுங்கள்.