தோப்புக்குள் ஞானஸ்நானத் தொட்டி: இடம் அருமை, தண்ணீர்தான் காணாது

முழுக்கு ஞானஸ்நானத்துக்கு இடம் தேடுகிற சபையாருக்காக இதை எழுதுகிறேன். பாளையங்கோட்டையைத் தாண்டி ஒரு தென்னந்தோப்பில் தொட்டி கட்டி வாடகைக்கு விடுகிறார்கள், பேர் வேண்டாம். என் சித்தி மகன் போகிற சபை மாடியில் தகரக் கொட்டகை போட்டு ஆராதனை நடத்துகிற சின்ன சபை, அதனால் அவன் இங்கேதான் எடுத்தான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு பக்கமும் படி, கைப்பிடிக் கம்பி, வழுக்காத தரை. வெள்ளை அங்கியும் அங்கேயே கிடைக்கிறது, வாடகை தனி. அந்த அங்கியின் கீழ் மடிப்பில் சின்னச் சின்ன ஈயக் குண்டு வைத்துத் தைத்திருக்கிறார்கள், தண்ணீரில் இறங்கும்போது துணி மேலே மிதந்து பெண்பிள்ளைகளைச் சங்கடப்படுத்தாது. யார் யோசனையோ, நல்லா இருக்கட்டும்.

குறை தண்ணீரில்தான். நாங்கள் போனபோது தொடை அளவுகூட இல்லை. அங்கே இருந்தவரிடம் கேட்டால், "மோட்டார் இப்பதான் போட்டிருக்கு, ஏறிரும் அண்ணாச்சி" என்கிறார். ஏறவில்லை. தம்பி ஆள் நெட்டை, பாஸ்டர் முட்டி போடச் சொல்லிச் சாய்த்தும் மூக்கும் நெற்றியும் வெளியே நிற்க, இன்னொரு அமுக்கு அமுக்க வேண்டியதாயிற்று. இது சின்ன விஷயம் இல்லை. பைபிளில் ரோமர் 6-ல் பவுல் ஞானஸ்நானத்தைச் சொல்வதே கிறிஸ்துவோடு அடக்கம்பண்ணப்பட்டு எழும்புவது என்றுதான். முகத்தை மட்டும் வெளியே விட்டு யாரையாவது அடக்கம் பண்ணுவார்களா?

நான் சிஎஸ்ஐ, அதாவது தென்னிந்தியத் திருச்சபை. கைக்குழந்தையாக இருக்கும்போதே ஐயர் (எங்கள் சபையில் போதகரை அப்படித்தான் சொல்வோம்) தலையில் தண்ணீர் தெளித்தார், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார், ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்தே கை ஓய்ந்துபோகிறது என்று கடிதம் எழுதினவர், கடலோரத்தில் இருந்தும் முழுக்காமல் தலையில் ஊற்றித்தான். ஆதிச் சபையின் டிடாக்கே நூலும் ஓடுகிற தண்ணீர் நல்லது, இல்லாவிட்டால் வேறு தண்ணீர், குளிர்ந்தது முடியாவிட்டால் வெந்நீர், அதுவும் இல்லாவிட்டால் தலையில் மூன்று தடவை ஊற்று என்று தாராளமாகத்தான் விடுகிறது. அளவு முக்கியமில்லை, சரி. ஆனால் முழுக்கு என்று சொல்லிக் காசு வாங்கினால் முழுகத் தண்ணீர் வேண்டாமா?

ஆற்றுக்கே போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். தாமிரபரணியில் டவுன் பக்கம் சாக்கடை கலக்கிறது, மழைக்காலத்தில் இழுப்பு வேறு. 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ஆறு என்றாலே எங்கள் சித்தி ஒத்துக்கொள்வதில்லை. ஒன்று சொல்லவேண்டும், பேதுரு தன் முதல் நிருபத்தில் நோவா காலத்து வெள்ளத்தையும் ஞானஸ்நானத்தையும் ஏன் ஒன்றாகச் சேர்த்துப் பேசுகிறார் என்பது 2023 வெள்ளத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ஊரை அழித்த தண்ணீர்தான் பேழையைத் தூக்கியும் விட்டது. கொஞ்சமாவது பயம் காட்டுகிற தண்ணீரில் இறங்கி ஏறினால்தான் அந்த அர்த்தம் உடம்புக்குத் தெரியும், தொடையளவுத் தண்ணீர் யாரைப் பயமுறுத்தும்?

அதனால் ஐந்துக்கு மூன்று. வாடகை நியாயம், வேன் நிறுத்த இடம் தாராளம். எடுக்கிறவர்கள் முந்தின நாள் சாயங்காலமே ஆள் அனுப்பி, நெஞ்சளவு தண்ணீர் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு மீதிப் பணத்தைக் கொடுங்கள். பெண்கள் உடை மாற்றுகிற அறையில் தாழ்ப்பாள் ஆட்டம் காண்கிறது, வாசலில் ஒரு அக்காவை நிறுத்திக்கொள்ளுங்கள்.